ரேடியேட்டரில் வெந்த மட்டை

அத்தியாயம் 11

பையைத் தூக்கியதுமே ரிம்மாவின் கைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பை லேசாக இருந்தது.

திறந்து பார்த்தாள். ஷூ இருந்தது. துண்டு இருந்தது. மாற்றுச் சட்டை இரண்டும் மடித்தபடி இருந்தன. மட்டை மட்டும் இல்லை.

டேபிள் டென்னிஸ் விளையாடியே சோறு தின்கிறவளுக்கு ஆட்ட நாள் காலையில் மட்டையைக் காணோம் என்றால் எப்படி இருக்கும்? முகூர்த்த நேரத்தில் தாலியைக் காணோம் என்று புரோகிதர் கையை விரித்தால் எப்படியோ, அப்படி.

அதுவும் இன்றைய ஆட்டம் லேசுப்பட்டதா? 'வோல்கா' அணியின் நிர்வாகி வலேரியன் பொரிசோவிச் வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டு, தேன் தடவிப் பேசியதைப் போன வாரம்தான் பார்த்தோம். "ஞாயித்துக்கிழமை உன் ஆட்டத்தை ஜெயிச்சுக் குடும்மா, அடுத்த சீசனுக்கும் நீதான். தோத்துட்டா, பெரிய பூங்கொத்தா வாங்கித் தந்து நல்லபடியா அனுப்பி வைக்கிறேன். என்ன செய்ய, அணியில இருக்கறது ஒரே இடம்."

முப்பத்தைந்து வயதில் பூங்கொத்து என்றால் ரிட்டயர்மென்ட். ஆறு வயதிலிருந்து ரிம்மா அந்தச் சின்ன வெள்ளைப் பந்தைத் தவிர வேறெதையும் துரத்தியதில்லை. வேறெதுவும் தெரியவும் தெரியாது.

இதில் கொடுமை என்னவென்றால், மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கப்போவது வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார் லேஸ்யா. இருபத்து மூன்று வயது. இஷெவ்ஸ்க் அணிக்காக ஆடுகிறவள். நேற்று மாலை ஓட்டலிலிருந்து வந்து, அம்மா கையால் ஒரு தட்டு நிறையப் பெல்மெனி சாப்பிட்டாள். சாப்பிடும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு பெல்மெனியை வாயில் திணித்துக்கொண்டாள். வாயில் கொழுக்கட்டை இருந்தால் பேசமுடியாது என்பது நமக்கும் தெரியும்தானே! பெல்மெனியும் கறி வைத்த கொழுக்கட்டைதான்.

"நோன்னா அர்காதியெவ்னா!" ரிம்மா கூப்பிட்டுக்கொண்டே சமையலறைக்கு நடந்தாள். "என் மட்டையைப் பார்த்தீங்களா?"

பதினோரு வருஷமாக மாமியாரை அவள் இப்படி முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். மரியாதைக்கு மரியாதை, தூரத்துக்குத் தூரம்.

மாமியார் அடுப்பில் ரவைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அகலமான முதுகு. ரோஜாப்பூ போட்ட ஏப்ரன். திரும்பாமலே கரண்டியால் ஜன்னல் பக்கம் காட்டினாள்.

"அங்கதான் இருக்கு, ரிம்மொச்கா. உன் பை வாசல்ல ஈரத்துலயே கிடந்துது. பூட்ஸ்ல இருந்த பனி கரைஞ்சு ஒரே குளம். மட்டையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துது. ஈரத்தோட விளையாடினா வழுக்காது? அதான் காய வெச்சேன்."

ஜன்னலுக்குக் கீழே, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர். மார்ச் மாதம் முடிகிறவரை நகராட்சிக்காரன் விடுகிற வெந்நீர் அதற்குள் ராப்பகலாக ஓடும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அதன்மேல் அவள் கணவன் ரோடியோனின் கையுறைகள் இருந்தன, கம்பளிக் காலுறைகள் இருந்தன, நூலில் கோர்த்த காளான்கள் தொங்கின. நடுவில், மல்லாக்கப் படுத்திருந்தது மட்டை.

ரிம்மா அதை எடுத்தாள். பொரித்த அப்பளம் போல் ரப்பர் உப்பியிருந்தது. ஓரமெல்லாம் மரத்தை விட்டுக் கிளம்பி நின்றது. திருப்பினாள். மறுபக்கம் நிலைமை இன்னும் மோசம்.

அவள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இங்கே ரிம்மாவின் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் அடிக்கிறவள் அல்ல, தடுக்கிறவள். எதிராளி இடி மாதிரி அடிப்பாள். இவள் மேஜையை விட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புவாள். அடிக்கிறவளுக்கு அலுத்துப்போய் ஒரு பந்து வலையில் விழும். அதுதான் ரிம்மாவின் பாயின்ட். அதற்கு உயிர்நாடி மட்டையின் கறுப்புப் பக்கத்து ரப்பர். அதில் நீள நீளமாகப் பருக்கள் இருக்கும். எதிராளி பந்துக்கு என்ன சுழற்சி கொடுத்தாலும், அந்தப் பருக்கள் அதை அவளுக்கே திருப்பிக் கொடுத்துக் குழப்பிவிடும். அந்தப் பருக்கள்தான் இப்போது வெந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

வேறு பரு ரப்பர் கைவசம் கிடையாது. மாற்று மட்டையில் இருந்தது போன வாரம் கிழிந்தது. புதிதுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள், இன்னும் வந்து சேரவில்லை.

"காஞ்சிருக்கா?" என்றாள் மாமியார் அக்கறையோடு.

"நல்லாவே காஞ்சிருக்கு."

குரலில் இருந்த ஏதோ ஒன்று நோன்னாவைத் திரும்ப வைத்தது. மட்டையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். கரண்டி கையிலிருந்து நழுவிக் கஞ்சிக்குள் மூழ்கியது.

"ஐயையோ! அது… அது அப்படி ஆகுமா?"

"ஆகும், நோன்னா அர்காதியெவ்னா. ரப்பர் ஆச்சே. பசை வெச்சு ஒட்டினது ஆச்சே."

அந்த ஒரு நிமிஷத்தில் ரிம்மாவின் மனசில் ஒரு பாம்பு தலையைத் தூக்கியது. பதினோரு வருஷம் இந்த வீட்டில் மட்டை இருக்கிறது. பதினோரு வருஷமாக ரேடியேட்டரும் இருக்கிறது. ஒரு நாளாவது மாமியார் மட்டையைத் தொட்டதுண்டா? எதிரில் ஆடப்போவது பெற்ற பெண் என்கிற நாள் பார்த்துத்தான் தொடத் தோன்றியதா?

சே, என்று அதை அடக்கினாள். ஆனால் அது போகவில்லை. சுருண்டு ஓரமாகப் படுத்துக்கொண்டது.

இந்த நேரம் பார்த்து ரோடியோன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். டிராலிபஸ் ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தூக்கத் திருவிழா. மனைவியின் கையைப் பார்த்தான்.

"என்ன அது, பான்கேக்கா?"

"என் மட்டை."

ரோடியோன் வாயைத் திறந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். கல்யாணமானதிலிருந்து அவன் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். சத்தம் போடாமல் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான்.

"இப்ப என்ன செய்யறது?" நோன்னாவின் குரல் கம்மியது. "நேத்து ராத்திரி என் தலை என்கிட்ட இல்லம்மா. லேஸ்யாவை பஸ் ஏத்திவிட்டுட்டு வந்தேனா, வாசல்ல ஈரத்தைப் பார்த்தேனா, கை தன்னால எடுத்து வெச்சுடுச்சு. நான் போய் வலேரியன் பொரிசோவிச் கால்ல விழட்டுமா?"

"வேண்டாம். அவர் ஷூவும் நனைஞ்சிருக்கும், அதையும் எடுத்துக் காய வெச்சிடுவீங்க."

ரோடியோனுக்குக் கஞ்சி புரை ஏறியது.

ரிம்மா படுக்கையறைக்குப் போனாள். அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒரு பொட்டலம், வண்ணக் காகிதம் சுற்றியிருந்தது. ஏப்ரலில் லேஸ்யாவுக்குப் பிறந்த நாள். அவளுக்கென்று தேடி வாங்கிய இரண்டு ரப்பர்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டுமே வழவழப்பானவை. அடித்து ஆடுகிறவர்கள் போடுகிறவை.

வண்ணக் காகிதத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சர்ரென்று கிழித்தாள்.

அடுத்த ஒரு மணி நேரம் சமையலறை பட்டறையாக மாறியது. மாற்று மட்டையின் மரத்தில் ரிம்மா பசையைத் தடவினாள். அது காய வேண்டும். "ஹேர் டிரையரைக் கொண்டா, ரோத்யா" என்று நோன்னா மகனை அதட்டினாள். வந்ததும் அவளே வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தூரமாப் பிடிங்க! இன்னும் தூரம்! இன்னொரு தடவை வேக வெச்சுடாதீங்க!"

"இந்த தூரம் போதுமா?"

"ஹால்ல போய் நின்னா சரியா இருக்கும்."

நோன்னா உண்மையிலேயே ஓரடி பின்னால் போனாள். ரிம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் அழுகை வந்திருக்கும். ரப்பரை ஒட்டி, ஓரத்தைக் கத்தரித்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். மட்டை பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவளுடைய மட்டை மாதிரி மட்டும் இல்லை.

கிளம்பிப் படியிறங்கியவளுக்குத் துண்டு ஞாபகம் வந்தது. தேடும்போது வெளியே எடுத்துப் போட்டது. திரும்பி ஓடினாள். கதவிலேயே மாமியார் மறித்தாள்.

"போச்சு! கிளம்பினவ திரும்பி வரலாமா? கண்ணாடியைப் பாரு. பாருன்னா பாரு! நாக்கை நீட்டு, தோஷம் போயிடும்!"

"நேரமாச்சு…"

"நீட்டினாத்தான் விடுவேன். இன்னிக்குக் காலையில பட்டது பத்தாதா?"

ரிம்மா வாசல் கண்ணாடியில் தன்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள். கண்ணாடிக்குள் பின்னால் நின்ற மாமியாரின் கண்கள் சிவந்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள். வெங்காயமா, அழுகையா? கேட்க நேரமில்லை.

---

அரங்கத்தில் நல்ல கூட்டம். வோல்கா நதி இன்னும் உறைந்து கிடப்பதால் பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் அங்கே போயிருந்தார்கள். மற்றவர்கள் இங்கே வந்திருந்தார்கள்.

ரோடியோன் கழுத்தில் மனைவி அணியின் நீல ஸ்கார்ப். தலையில் தங்கை அணியின் பச்சைக் குல்லா. இரு பக்க ரசிகர்களுக்கும் நடுவே சரியாக எல்லைக்கோட்டில் இடம் பிடித்திருந்தான். யார் அடித்தாலும் கை தட்டினான். இரண்டு பக்கத்திலிருந்தும் முறைத்தார்கள். பக்கத்தில் நோன்னா மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு யாருக்கும் கை தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

முதல் இரண்டு ஆட்டங்கள் முடிந்தன. ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவதும் கடைசியுமான ஆட்டம் ரிம்மாவுக்கும் லேஸ்யாவுக்கும்.

ஆட்டம் தொடங்குமுன் இருவரும் மட்டையை மாற்றிப் பார்த்துக்கொள்வது வழக்கம். எதிராளி எந்தப் பக்கம் எந்த ரப்பர் போட்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள. லேஸ்யாவுக்கு அண்ணியின் மட்டை அத்துப்படி. பேருக்கு வாங்கிப் பேருக்குப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போனவள், சட்டென்று நின்றாள். கட்டைவிரலால் கறுப்புப் பக்கத்தைத் தடவினாள். பரு இல்லை. திருப்பிச் சிவப்பைத் தடவினாள்.

"ரிம்மா, இது நான் போடற ரப்பராச்சே!"

"ஆமா. உன் பிறந்தநாள் பரிசு. கொஞ்சம் முன்கூட்டியே காட்டறேன்."

"உன்னோடது எங்க?"

"உங்கம்மாவைக் கேளு."

லேஸ்யா பார்வையாளர்கள் பக்கம் பார்த்தாள். நோன்னா அவசரமாகப் பிளாஸ்க்கின் மூடியைத் திருக ஆரம்பித்தாள்.

லேஸ்யாவின் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்! ஒரு மாதமாக அவளும் அவள் கோச்சும் பரு ரப்பரை எப்படிச் சமாளிப்பது என்றுதான் மண்டையை உடைத்திருந்தார்கள். பரீட்சைக்கு ராப்பகலாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவளிடம் சரித்திரக் கேள்வித்தாளைக் கொடுத்த கதையாகிவிட்டது.

ஆனால் ரிம்மாவும் அந்தச் சரித்திரத்தைப் படித்தவளா? இல்லை. முதல் செட்டில் பழக்கதோஷத்தில் பின்னால் போய் வெட்டினாள். புது ரப்பர் துள்ளியது. பந்து மேஜையைத் தாண்டி, கோச்சையும் தாண்டிப் பறந்தது. பதினொன்றுக்கு நாலு. லேஸ்யாவுக்கு.

வலேரியன் பொரிசோவிச் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூக்கடை எத்தனை மணிக்கு மூடும் என்று யோசிக்கிறார் போலிருக்கிறது, என்று ரிம்மா நினைத்தாள். அந்த நினைப்பு சுருக்கென்று தைத்தது.

துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது ஒன்று தோன்றியது. வாழ்க்கை முழுக்க அடுத்தவர் அடித்ததைத் திருப்பிக்கொண்டே இருந்தாயிற்று. மேஜையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். இந்த மட்டை அடிக்கத்தான் ஆசைப்படுகிறது. அடித்துத்தான் பார்ப்போமே!

இரண்டாவது செட்டில் அவள் பின்னால் போகவில்லை. மேஜையை ஒட்டி நின்று, லேஸ்யாவின் சர்வீஸை முதல் பந்திலேயே அறைந்தாள். அரங்கத்தில் ஒரு "ஆ!" எழுந்தது. ரிம்மா முதல் பந்தை அடிப்பதா? கீரைக்காரி திடீரென்று மீன் விற்கிற மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

லேஸ்யாவின் ஆட்டம் ரிம்மாவுக்கு உள்ளும் புறமும் தெரியும். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து பயிற்சி எடுப்பவர்கள். வலது இடுப்புக்கு நேராகப் பந்து வந்தால் அந்தப் பெண்ணுக்கு முழங்கை எங்கே வைப்பது என்று தெரியாது. ரிம்மா இடுப்புக்கே குறிவைத்தாள். இரண்டாவது செட் ரிம்மாவுக்கு. மூன்றாவதும் அவளுக்கே. நாலாவதில் லேஸ்யா சுதாரித்துக்கொண்டாள். ஆளுக்கு இரண்டு.

ஐந்தாவது செட்டில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சிரிப்பும் போய்விட்டது. ஒரு பாயின்ட் இவளுக்கு, ஒரு பாயின்ட் அவளுக்கு. ரிம்மாவின் கால்கள் கெஞ்சின. லேஸ்யாவின் கால்கள் இருபத்து மூன்று வயதுக் கால்கள், அவை கெஞ்சவில்லை.

ஒன்பதுக்குப் பத்து. லேஸ்யாவுக்கு இன்னும் ஒரே ஒரு பாயின்ட் போதும்.

பந்து போய் வந்து, போய் வந்து, ரிம்மாவுக்கு உயரமாக ஒன்று கிடைத்தது. பலம் முழுவதையும் கொடுத்து இடது மூலைக்கு அடித்தாள். லேஸ்யா எட்டினாள், எட்டவில்லை. பந்து பக்கவாட்டில் பறந்து தடுப்புப் பலகையில் மோதியது.

"வெளியே" என்றார் நடுவர். பதினொன்றுக்கு ஒன்பது.

இஷெவ்ஸ்க் பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். ரிம்மா அப்படியே நின்றாள். பந்து மேஜை ஓரத்தில் உரசியது போல அவளுக்கு ஓர் எண்ணம்; உரசியிருந்தால் பாயின்ட் அவளுக்கு. ஆனால் அந்த மூலை லேஸ்யாவின் பக்கம், நடுவர் சொல்லிவிட்டார், முடிந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"பட்டுச்சு!"

அரங்கமே திரும்பியது. நோன்னா அர்காதியெவ்னா எழுந்து நின்றிருந்தாள். பிளாஸ்க் உருண்டோடி, தேநீர் படிகளில் வழிந்துகொண்டிருந்தது.

"ஓரத்துல பட்டுச்சுய்யா! நான் இங்கிருந்து பார்த்தேன். உனக்குக் கண்ணு எங்க இருக்கு?"

"அம்மா, உக்காரு!" ரோடியோன் ஸ்கார்ப்பால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நீ சும்மா இரு! பட்டுச்சுன்னா பட்டுச்சுதான்!"

நடுவர் கையை உயர்த்தினார். "பார்வையாளர்கள் அமைதியா இருக்கணும். பார்வையாளர் சாட்சி செல்லாது."

"பெத்த பொண்ணுக்கு எதிரா ஒரு தாய் சொல்றேன், அதுவும் செல்லாதா?"

கூட்டத்தில் சிரிப்பு. சிலர் கை தட்டினார்கள். பச்சைக் குல்லாக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். நடுவரின் முகம் சிவந்தது. நோன்னா அவரைப் பார்க்கவில்லை. அவள் பார்வை மகள் மேல் இருந்தது. கத்தலெல்லாம் அடங்கிவிட்டது.

எல்லோரும் லேஸ்யாவைப் பார்த்தார்கள். அந்த மூலையில் என்ன நடந்தது என்று நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கோச் எழுந்து, வா வா என்று கை காட்டினார். ஜெயித்தாயிற்று, கை குலுக்கிவிட்டு வா என்று அர்த்தம்.

லேஸ்யா அம்மாவை முறைத்தாள். அந்த முறைப்பில் கோபம் மட்டும் இல்லை, வேறென்னவோவும் இருந்தது. பிறகு மெதுவாக ஆள்காட்டி விரலைத் தூக்கினாள்.

"பட்டுச்சு" என்றாள் நடுவரிடம். "ஓரத்துல உரசிச்சு. பாயின்ட் அவளுக்கு."

பத்துக்குப் பத்து.

ரிம்மா உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். அடுத்த பந்தை அடித்தாள், லேஸ்யா வலையில் தட்டினாள். பதினொன்று, பத்து. அதற்கடுத்த பந்தில்தான் வேடிக்கை. லேஸ்யா வெறி வந்தவள் போல் அடிக்க ஆரம்பித்தாள். ரிம்மாவின் கால்கள் அவளைக் கேட்காமலே பின்னால் போயின. இரண்டு மீட்டர், மூன்று மீட்டர். புது ரப்பர் இதற்குள் அவள் சொன்ன பேச்சைக் கேட்கப் பழகியிருந்தது. வெட்டினாள், திருப்பினாள். மறுபடி வெட்டினாள். தரையோடு தரையாகக் குனிந்து ஒன்றைத் தூக்கினாள். கூட்டம் ஒவ்வொரு பந்துக்கும் கத்தியது. கடைசியில் லேஸ்யாவின் பந்து வலையில் முட்டி, அவள் பக்கமே விழுந்தது.

ரிம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

---

"மேல ஆபீசுக்கு வாம்மா! பேனா தயாரா இருக்கு!" என்று வலேரியன் பொரிசோவிச் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பூங்கொத்துப் பேச்சையே காணோம்.

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி ரிம்மா உடை மாற்றும் அறைக்குப் போனாள். அங்கே லேஸ்யா ஒரு ஷூவைக் கழற்றி, மற்றதைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே அவள் கோச் திட்டித் தீர்த்திருக்கவேண்டும். காது மடல் சிவந்திருந்தது.

ரிம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி கையைத் தூக்கினே? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"எனக்குத் தெரியுமே." லேஸ்யா மூக்கை உறிஞ்சினாள். "அதோட எங்கம்மா வேற ஊரைக் கூட்டிட்டாளே. அந்தக் கத்தலுக்கப்புறம் இல்லைன்னு சொல்லிட்டு யார் வீட்டுக்கு வர்றது?"

இருவரும் சிரித்தார்கள். லேஸ்யாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"உன்கிட்ட நேத்தே சொல்லணும்னு வந்தேன். சாப்பாட்டுல வாய் வரைக்கும் வந்துது. சொல்ல முடியல."

"என்னது?"

"உங்க வலேரியன் பொரிசோவிச் போன மாசம் எனக்குப் போன் பண்ணினார். 'ஞாயித்துக்கிழமை ரிம்மாவை ஜெயிச்சுக் காட்டு, அடுத்த சீசனுக்கு அந்த இடம் உனக்கு'ன்னார்." லேஸ்யா தரையைப் பார்த்தாள். "வீட்டோட வந்து இருக்கலாம்னு ஆசையா இருந்துது ரிம்மா. நாலு வருஷமா அங்க தனியா ஒரு ரூம்ல கிடக்கேன். தினம் நானே முட்டை வேக வெச்சுத் தின்னு அலுத்துப்போச்சு."

ரிம்மாவுக்குச் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. அணியில் இருப்பது ஒரே இடம். அந்த ஒரே இடத்தை இரண்டு பேரிடமும் காட்டி, குடும்பத்தையே மேஜைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்கிறார் அந்தத் தேன் தடவின மனுஷர்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. நேத்து பஸ் ஸ்டாப்புல சொல்லிட்டேன். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே நின்னா. இரண்டு பஸ்ஸை விட்டுட்டோம்."

ரிம்மா எழுந்தாள். காலையில் சுருண்டு படுத்த பாம்பு மறுபடியும் தலையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியாரைத் தேடிப் போனாள்.

வாசலருகே, கழற்றிக் கொடுத்த கோட்டுகளைத் திரும்ப வாங்குமிடத்தில் நோன்னா நின்றுகொண்டிருந்தாள். எல்லோருடைய டோக்கனையும் கொடுத்து, நாலு கோட்டையும் வாங்கிக் கையில் சுமந்திருந்தாள். மருமகள் வருவதைப் பார்த்ததும் முந்திக்கொண்டாள்.

"திட்டிடு. கூட்டத்துல மானத்தை வாங்கிட்டேன்னு லேஸ்யா திட்டுவா, ரோத்யா இப்பவே திட்டிட்டான். நீயும் காலையிலேர்ந்து பாக்கி வெச்சிருக்கே."

"லேஸ்யா ஜெயிச்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பா. உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சுமா கத்தினீங்க?"

நோன்னா கோட்டுகளைச் சரிசெய்தாள். சரியாக இருந்தவற்றையே மறுபடி சரிசெய்தாள்.

"காலையில அந்த மட்டையைக் கையில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தியே. வேணும்னே பண்ணிட்டாளோன்னு ஒரு நிமிஷம் நினைச்சே. நினைச்சியா இல்லையா?"

பொய் சொல்லலாம்தான். வரவில்லை.

"நினைச்சேன்."

"நானும் நினைச்சேன்" என்றாள் நோன்னா. "சத்தியமா ஈரம்னுதான் வெச்சேன். ஆனா ராத்திரி முழுக்க லேஸ்யா வந்துட மாட்டாளான்னுதானே நினைச்சுக்கிட்டிருந்தேன்? என் கை என்னைக் கேக்காம செஞ்சுடுச்சோன்னு எனக்கே பயம் வந்துடுச்சு. அப்புறம் அந்தப் பந்து ஓரத்துல பட்டுது. பார்த்துட்டேன். பார்த்ததை எப்படிம்மா முழுங்கறது? முழுங்கியிருந்தா மட்டையையும் நான்தான் வேணும்னே வேக வெச்சதா ஆயிடாதா?"

அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, ரிம்மாவின் கோட்டுக் காலரில் விழுந்தது. இது வெங்காயம் இல்லை.

"அந்தக் கோட்டை இப்படிக் குடுங்க, அம்மா" என்றாள் ரிம்மா. "நனைஞ்சா நீங்க ரேடியேட்டர்ல போட்டுடுவீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நோன்னாவுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. பதினோரு வருஷம் காத்திருந்தவள் அல்லவா! கோட்டுகளோடு சேர்த்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். பின்னால் வந்த ரோடியோன் இதைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றான்.

மேலே படிக்கட்டுக் கைப்பிடியில் சாய்ந்து வலேரியன் பொரிசோவிச் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வரியா? வீட்டுக்குப் போகவேண்டாமா நான்?"

"வந்துட்டேன்!"

ரிம்மா போனாள். ஆனால் படியேறவில்லை. உடை மாற்றும் அறைக்குத் திரும்பி, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாக நின்ற லேஸ்யாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க? எங்க கூட்டிட்டுப் போறே? எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு!"

"பேசாம வா. இன்னிக்கு நான் அடிக்கிற மூட்ல இருக்கேன்."

இருவரும் சேர்ந்து படியேறி வருவதைப் பார்த்ததும் வலேரியன் பொரிசோவிச்சின் முகத்திலிருந்த தேன் மெல்ல இறங்கியது.

"இன்னொரு நாற்காலி போடுங்க, வலேரியன் பொரிசோவிச்" என்றாள் ரிம்மா.

"இருக்கறது ஒரே இடம்தான்னு சொன்னேனேம்மா…"

"சொன்னீங்க. எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொன்னீங்க. அதைப் பத்தித்தான் பேசணும்."

கதவு சாத்திக்கொண்டது.

கீழே ரோடியோன் பச்சைக் குல்லாவைக் கழற்றி, அதைக் கையில் வைத்துத் திருகினான். "அம்மா, இப்ப இடம் யாருக்கும்மா? ரெண்டு பேரையுமே வெளிய அனுப்பிட்டார்னா?"

"வாயை மூடிக்கிட்டு இந்தக் கோட்டைப் பிடி" என்றாள் நோன்னா, மூடிய கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ராத்திரிக்குப் பெல்மெனி நாலு பேருக்கும் சேர்த்துத்தான் போடப்போறேன்."